நூற்றுக்குப் பத்து கேட்ட காயில்காரம்மா

லாட்ஜ்காரர் எனக்கு முப்பதாயிரம் தர வேண்டியிருந்தது. நான்கு மாடிக்கும் குழாய் போட்டுக் கொடுத்த கூலியில் நின்றுபோன மீதி அது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் நான் போட்ட குழாயில் ஒரு சொட்டு ஒழுகியதாக எவனும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட என்னையே இழுத்தடித்தார்.

குழாய், மோட்டார் வேலைக்காரர்களான எங்கள் சங்கத்துக்கு வெகுகாலம் தலைவராக இருந்தவனும் நான்தான். வருடச் சந்தா வாங்குவோம், ஒரு கூட்டம் போடுவோம், வரிசையாக நின்று போட்டோ எடுப்போம். நடு நாற்காலி எனக்கு. ஒருவனுக்குக் கூலி பாக்கி வைத்தவர் அடுத்தவனைக் கூப்பிட்டால், அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அதைக் கண்டித்தால் சந்தாவை நிறுத்திவிடுவான். அதனால் நானும் கண்டிக்கவில்லை.

அப்படி ஒரு வருடக் கூட்டத்தில்தான் காயில்காரம்மா எழுந்தாள். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பி, சுற்றுகிறவள். கணவர் வெளிநாட்டு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட, பூட்டிக் கிடந்த கடையைத் தானே திறந்து, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள்.

"சந்தாவும் வேணாம், தலைவரும் வேணாம். நின்னுபோன கூலியைச் சங்கமே வசூல் பண்ணட்டும். வந்தா நூத்துக்குப் பத்து சங்கத்துக்கு. வரலைன்னா ஒண்ணும் தர வேணாம். வசூலுக்குப் போற ஆளு ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாறணும்" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. சும்மா ஒருத்தி ஊருக்காக அலைவாளா? இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று வெளியே போய் நின்றுகொண்டேன். முதல் ஆறு மாத வசூலை அவளிடமே ஒப்படைத்தார்கள். என் முப்பதாயிரமும் அவள் பொறுப்பில் போனது.

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். ஒருநாள் லாட்ஜுக்குள் போனாள். சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். மறுநாள் பார்த்தால், லாட்ஜ் மோட்டார் அவள் மேசை மேல்! நானே பொருத்தியது, எனக்குத் தெரியாதா? என் பாக்கியை விட்டுக்கொடுத்து வேலையைப் பிடித்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். சங்கத்து ஆட்கள் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்தேன்.

"என்னம்மா, அந்த ஆளுகிட்ட எவ்வளவு வாங்குன?"

"உக்காருங்கண்ணே. ஃபேனுக்கு நேரா உக்காருங்க, கொதிச்சுப்போய் வந்திருக்கீங்க."

"என் காசை முழுங்கிட்டு எனக்கே காத்து வாங்கித் தர்றியா?"

"வேலையை எடுக்கலாம், பழைய பாக்கி வராம பொருளை வெளிய விடக்கூடாது. கூட்டத்துல சொன்னேனே."

"என் காதுல விழல."

"எப்படி விழும்? வாசல்ல நின்னு பொருமிட்டு இருந்தீங்க."

சாட்சிக்கு வந்தவர்களே சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து லாட்ஜ்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"மாடியில ஆளுங்க வாளியோட நிக்கிறாங்கம்மா. மோட்டாரைக் குடு."

"ரெடி சார். அண்ணன் பாக்கி?"

"இப்படிப் பண்ணுனா வேற கடைக்குக் கொண்டுபோயிடுவேன்."

"தாராளமா. எல்லாக் கடையும் எங்க சங்கம்தான் சார்."

அவர் என்னை முறைத்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். கம்பி சுற்றிய கூலியோடு முப்பதாயிரத்தையும் மேசையில் போட்டுவிட்டு, மோட்டாரை ஏற்றிக்கொண்டு போனார்.

காயில்காரம்மா நோட்டுக் கட்டை எடுத்தாள். "இரு, முதல்ல என் கைக்கு வரட்டும்" என்றேன்.

"வரட்டுமே" என்று அப்படியே என் பக்கம் தள்ளினாள்.

இரண்டு தடவை எண்ணினேன். வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தேன். குறையவில்லை. இப்படியே எழுந்து போனால் யார் என்னைத் தடுக்க முடியும்? ஆனால் நான் அப்படிப் போகிறேனா என்றுதான் சாட்சிக்கு வந்த இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த ஆறு மாசம் வசூலுக்கு யாரு?" என்றேன்.

"யாரு வேணா நிக்கலாம். நீங்களும்தான்."

"நிக்கிறேன். அப்பத்தான் இதுல என்ன நடக்குதுன்னு தெரியும்."

"வாங்கண்ணே, அலைஞ்சு அலைஞ்சு எனக்கும் கால் வலிக்குது" என்று கம்பி கீறிய உள்ளங்கையை நீட்டினாள்.

சாட்சிகள் காதில் விழும்படி உரக்க எண்ணி, சங்கத்துப் பங்கு மூவாயிரத்தையும் ஒவ்வொரு தாளாக அதில் வைத்தேன்.