இடுப்பால் ஓர் இடி

கார்க்காரர் கதவைச் சாத்தியதுதான் தாமதம், நியூட்ரல் அக்கா வண்டியின் பின்னால் போய் இடுப்பால் ஓர் இடி வைக்கிறார். வண்டி ஒரு சாண் முன்னே உருண்டால் முகமெல்லாம் சிரிப்பு. உருளாவிட்டால், "அண்ணே, ஹேண்ட்பிரேக்கை இறக்கி விட்டுட்டுப் போங்க. நான் என்ன உங்க வண்டியைத் தூக்கிட்டா ஓடப்போறேன்?" என்பார். உருண்ட வண்டியின் சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்கு நடக்கிறார்.

தெருவோ ஒடுக்கம். ஒரு வரிசை கார் நின்றாலே மூச்சு முட்டும். இங்கே இரண்டு வரிசை. உள்வரிசைக்காரர் கிளம்ப வேண்டுமென்றால் வெளிவரிசை வண்டியை யாராவது தள்ளி வழிவிட வேண்டும். அந்த யாராவதுதான் அக்கா. அதனால் வெளிவரிசைக் கார்கள் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போடாமல் நிற்க வேண்டும் என்பது தெருவின் எழுதாத சட்டம். பட்டப்பெயர் வந்த கதையும் இதுவே.

பதினோரு வருஷமாகக் கார்களோடு மல்லுக்கட்டும் அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எந்தக் கம்பெனி வண்டி என்பதும் தெரியாது. "பல் டாக்டர் வண்டி சொன்ன பேச்சு கேக்கும். டியூஷன் டீச்சர் வண்டிதான் கொஞ்சம் முரண்டு." யார் எத்தனை மணிக்குக் கிளம்புவார், யார் வீட்டில் மாமியார் வந்திருக்கிறார், எல்லாம் விரல்நுனியில். வெளுத்துப்போன பச்சைக் கோட்டின் பையில் எந்நேரமும் வறுத்த கடலை இருக்கும். தள்ளுவதற்கு முன் இரண்டு, தள்ளிய பின் இரண்டு. "தூக்கத்துலயும் இடுப்பால இடிச்சு என்னைக் கட்டில்ல இருந்து உருட்டி விடறா" என்பது வீட்டுக்காரரின் நீண்டநாள் குறை.

போன மாதம் வெளிவரிசைக்கே ஆபத்து வந்தது. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெருவில் இரண்டாவது வரிசை கூடாது என்று நகராட்சி அதிகாரி ஒருவர் வந்து நின்றார். அக்காவுக்குப் பகீரென்றது. வெளிவரிசை போனால் ஐந்து குடும்பத்துக்கு நிறுத்த இடமில்லை. தள்ள வண்டியே இல்லாத தெருவில் தள்ளுகிறவருக்கு என்ன வேலை?

"நாலே நிமிஷம் குடுங்க சார், தெருவைத் துடைச்சுக் குடுக்கறேன்!" என்று வாயை விட்டுவிட்டார்.

அதிகாரி விடவில்லை. "வியாழக்கிழமை பத்து மணிக்குத் தீயணைப்பு வண்டியோட வர்றேன். நாலு நிமிஷத்துக்கு மேல ஒரு செகண்ட் ஆனாலும் வரிசை காலி."

திட்டம் எளிது. தெரு அச்சகத்தின் முன்னால் வலப்பக்கம் திரும்புகிறது. திரும்பாமல் நேரே போனால் அச்சகத்து முற்றம். கேட்டைத் திறந்து வைத்து வெளிவரிசையை அப்படியே உள்ளே உருட்டிவிட வேண்டியதுதான். வியாழக்கிழமை தெருவே பால்கனியில் கூடிவிட்டது. அதிகாரி தன் சின்னக் காரை வெளிவரிசையில் காலியாக இருந்த முதல் இடத்தில், கேட்டுக்கு நேர் முன்னால் நிறுத்திவிட்டு, தீயணைப்பு வண்டியில் ஏறிக்கொள்ள மறுமுனைக்குப் போனார். அக்கா வழக்கம்போல் இடிக்கப் போய், நின்றுவிட்டார். அதிகாரி வண்டியாச்சே, இடிக்கலாமா? கூச்சம் தடுத்தது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, இடித்துப் பார்க்காமலே கட்டையை வைத்தார்.

மறுமுனையிலிருந்து அதிகாரியின் விசில் கேட்டது. அக்கா கட்டையை எட்டி உதைத்துவிட்டு, முதல் வண்டிக்குத் தோளைக் கொடுத்தார். அசையவில்லை. மறுபடி கொடுத்தார். ஊஹூம். கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"கியர் நடுவுலதான் இருக்கு. பாவி மனுஷன், ஹேண்ட்பிரேக்கை இழுத்து வச்சிட்டுப் போயிருக்காரே!"

சாவி அதிகாரியின் பையில், அதிகாரி தெருவின் அந்தக் கோடியில், இந்த வண்டிக்குப் பின்னால் இன்னும் நான்கு வண்டி. ஓடிப்போய்ச் சாவி வாங்கி வருவதற்குள் வரிசையின் கதை முடிந்துவிடும்.

அக்கா யோசித்தது ஒரு கணம்தான். "ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் புடிக்கும், முன்சக்கரம் உருளும்! வாங்கய்யா எல்லாரும், பின்னாடி தூக்குங்க!"

போட்ட சத்தத்தில் சலூன்காரர் கத்தரிக்கோலைப் பையில் செருகிக்கொண்டு ஓடி வந்தார். பல் டாக்டர் கையுறையோடு வந்தார். அச்சகத்திலிருந்து நான்கு பேர் கையெல்லாம் மையாக வந்தார்கள். ஒண்ணு, ரெண்டு, தூக்கு! காரின் பின்பக்கம் எழும்பியது. முன்சக்கரம் உருள, பின்சக்கரம் அந்தரத்தில் தொங்க, அதிகாரியின் கார் முற்றத்துக்குள் ஓடியது. "இறக்காதீங்க, இறக்காதீங்க!" என்று அக்கா கத்தினார், பால்கனிகளும் சேர்ந்து கத்தின. பின்னாலேயே மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன. டியூஷன் டீச்சர், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் முரட்டு வண்டியைத் தானே தள்ளி வந்தார்.

கடைசி வண்டி உள்ளே போகவும், சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு கேட்டைக் கடந்து திரும்பவும் சரியாக இருந்தது. அதிகாரி இறங்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. தன் காரைப் பார்த்தார். பின்பக்கம் முழுக்க மைக் கைரேகை. பக்கத்தில் ஆறு பேர் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

"வரிசை இருக்கட்டும். மாசாமாசம் வந்து பார்ப்பேன்" என்றார்.

இந்த மாதம் சொன்னபடி வந்தார். அதே சின்னக் கார், வெளிவரிசையில் அதே இடம். கதவைச் சாத்திவிட்டு, அங்கிருந்து போகாமல் ஓரமாக நின்று அக்காவையே பார்த்தார். அக்கா இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். கூச்சமெல்லாம் போன மாதத்தோடு சரி. பின்னால் போய், இடுப்பால் ஓர் இடி வைத்தார்.

வண்டி ஒரு சாண் முன்னே உருண்டது.