முன்சீட்டுக்குச் சேர்த்த மைல்கள்

நான் ஒரு கிறுக்கன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலம். ஒரு ஜீப்பின் முன்சீட்டுக்காக ஒரு வருடம் பைத்தியமாகச் சுற்றியவன் நான்.

எல்லாம் என் மனைவியின் தம்பியால் வந்தது. எண்பதுகளின் கடைசியில் அவன் அமெரிக்காவில் இன்ஜினியர். லீவுக்கு எங்கள் ஊர் போடிக்கு வந்தவன், விமானத்தில் முதல் வகுப்பில் படுத்துக்கொண்டே வந்ததாகவும், அதற்குச் சல்லிக்காசு கொடுக்கவில்லை என்றும் சொன்னான்.

"அதெப்பிடி மாப்ளே?"

"அங்க நாம பறக்குற மைலையெல்லாம் பிளேன்காரன் நம்ம பேர்ல சேத்து வைக்கிறான் மச்சான். டிக்கெட்டு எங்க ஆபீசு எடுக்கும், மைலு எனக்கு. நேராப் போற ஊருக்குக்கூட ரெண்டு பிளேன் மாறிச் சுத்திப் போவேன். அப்பத்தான மைலு கூடும்? சேந்ததும் பெரிய சீட்டா மாத்திக்க வேண்டியதுதான்."

அந்த வகுப்பில் கொடுத்த சாமான்களை வீட்டில் பரப்பினான். கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு என் மனைவி வீடெல்லாம் நடந்தாள். கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு மாமனார் பட்டப்பகலில் குறட்டை விட்டார். எனக்குக் கிடைத்தது ஒரு குட்டிப் பற்பசை. தேய்த்தேன், வாயெல்லாம் எரிந்தது. பற்பசையைக் குறை சொல்ல முடியாது, அது வயிற்றிலிருந்து கிளம்பிய எரிச்சல்.

"அடுத்த தடவ உங்க மலையப் பாக்கணும் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் வேலை பார்த்தேன். வாராவாரம் ஜீப்பில் மலையடிவாரத்துக் குரங்கணிக்குப் போய், மலையிலிருந்து வரும் காயைப் பார்த்து விலை பேச வேண்டும். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு எஸ்டேட்காரர்களுக்கு. எனக்கோ பின்பக்கம், சாக்குகளுக்கு நடுவே, முழங்காலில் தாடையை முட்டுக்கொடுத்த இருப்பு. ஜீப்புக்காசு முதலாளியுடையது. அட, மச்சினன் கதையேதான்! அவன் வரும் நாளில் நான் முன்சீட்டில், அவன் பின்னால் சாக்குமேல். இது நடக்காவிட்டால் நான் பிறந்ததற்கே அர்த்தமில்லை என்று தோன்றிவிட்டது.

டிரைவரிடம் கேட்டேன். "அண்ணே, நான் வர்ற மைலையெல்லாம் எம்பேர்ல சேத்துக்கங்க. பெறகு ஒருநா முன்சீட்டக் குடுங்க."

"மீட்டரு செத்து ரொம்ப நாளாச்சு அப்பு. மைலுக்கு நான் எங்க போவேன்?"

"மனசுல வச்சுக்கங்கண்ணே."

"மனசுலதான? எம்புட்டு வேணாலும் வச்சுக்கிறேன்."

சிரிக்காமல் சொன்னார். நம்பினேன். அவர் ராசிங்காபுரத்துக்கு உரமூட்டை கொண்டுபோகும்போதும் ஏறிக்கொண்டேன். மூட்டை இறக்கினால் மைல் இரட்டிப்பு என்றார், இறக்கினேன். முதலாளி ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"ஏலக்கா மலையிலதானடா வெளையிது? ராசிங்காபுரத்துல ஒனக்கென்ன சோலி?"

"சுத்திப் போனாத்தான் மொதலாளி கூடும்" என்றேன். எது கூடும் என்று அவர் கேட்கவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுவருடமும் மச்சினன் படுத்துக்கொண்டே வந்து இறங்கினான். மறுநாள் காலை அவனோடு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய், முன்பக்கம் ஏறக் காலைத் தூக்கினேன். டிரைவர் என்னைத் தாண்டி அவனைப் பார்த்தார்.

"அமெரிக்காவுலருந்து வந்தவுகளா? வாங்க, முன்னால உக்காருங்க."

"அண்ணே, என் மைலு?"

"அவுக கடல் தாண்டி வந்திருக்காக. அந்த மைலுக்கு முன்னால ஒன்னோடது என்னத்துக்கு ஆகும்?"

"பரவாயில்லண்ணே, மச்சானே உக்காரட்டும்" என்றான் மச்சினன், உட்கார்ந்துகொண்டே.

இடமில்லாமல் பின்படியில் தொங்கினேன். "மச்சான், காத்து ஜம்முன்னு வருது!" என்று முன்னாலிருந்து சத்தம். எனக்கு வந்தது புகையும் புழுதியும். குரங்கணி ஏற்றத்தில் ஜீப் மூச்சுவாங்கி நின்று, மெல்லப் பின்னால் நழுவத் தொடங்கியது. எனக்கு அதுவா கவலை? ஒரு வருடமாகச் சேர்த்த மைல்தான் கவலை.

"அண்ணே, முடிவாச் சொல்லுங்க! சேத்த மைலுக்கெல்லாம் எனக்கு என்னதான் குடுப்பீக?" என்று கத்தினேன்.

பிரேக்கை மிதித்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் டிரைவர் சொன்னார்:

"குதிச்சு டயருக்குக் கல்லக் குடு!"