வெற்றுத்தாளும் அஸ்மத்துன்னிசா டீச்சரும்

தியாகராய நகரில் எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், அழுகிற பிள்ளை, வாயே திறக்காத பிள்ளை, திடீரென்று வராமல் நின்றுவிட்ட பிள்ளை எல்லோரையும் அஸ்மத்துன்னிசாவிடம்தான் அனுப்புவோம். பெயருக்கு அவள் தையல் டீச்சர். கச்சேரி ரோட்டிலிருந்து திரை கட்டிய கை ரிக்‌ஷாவில் வருவாள். புர்காவைக் கழற்றி மடித்து வைத்த கையோடு, இன்றைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பாள். நான் கணக்கு டீச்சர். எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அவளோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பள்ளி ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை தைத்தோம். அவளுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. திரையின் ஒரு முனையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, மறு முனையிலிருந்து தான் ஓரம் தைத்துக்கொண்டு வருவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள், ஒன்றும் கேட்க மாட்டாள். இரண்டு ஊசியும் நடுவில் சந்திப்பதற்குள் பெரும்பாலும் பிள்ளை பேசிவிடும்.

அந்த வருஷம் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாவது பாரத்தில் தங்கபுஷ்பம் என்றொரு பெண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கத்தின் மகள். கணக்கில் புலி. அந்தப் பெண், செலக்‌ஷன் பரீட்சையில் எல்லாப் பாடத்துக்கும் வெற்றுத்தாளை நீட்டிவிட்டாள். செலக்‌ஷனில் தேறாத பிள்ளையைப் பள்ளி எஸ்.எஸ்.எல்.சி.க்கு அனுப்பாது. பெயர் அனுப்பக் கொஞ்ச நாளே இருந்தது.

வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்கள் என்று தலைமையாசிரியை தானே முடிவு கட்டி, அப்பாவைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் வைதார். அந்த மனுஷன் அப்படி ஒரு பேச்சே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கோபம் வந்து, இனிப் பள்ளியே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல காரியம் பார்த்தீர்கள் என்று தலைமையாசிரியையிடம் நேராகவே சொன்னேன்.

மறுநாள் டீசி வாங்க வந்த தங்கபுஷ்பத்தை அஸ்மத் தையல் அறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். நான் ஒரு மூலையில் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். திரை பாதி முடிந்திருந்தபோது அந்தப் பெண் பேசினாள். அவளுடைய அண்ணன் பொன்ராஜ் போன வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றவன். கடையில் துணி கிழித்துக்கொண்டே மறுபடியும் எழுதப் போகிறான்.

"அண்ணன் இந்தத் தடவையும் தோத்து, நான் பாசாயிட்டா, அவன் வீட்டுல எப்படி டீச்சர் தலைநிமிந்து சாப்பிடுவான்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்தே விட்டேன். அஸ்மத் கண்ணாலேயே என்னை உட்கார வைத்தாள்.

"அண்ணன்கிட்ட கேட்டியாம்மா?" என்றாள். இல்லையென்று அவள் தலையாட்டினாள்.

"நான் போய் அவர்கிட்ட பேசட்டுமா? நீ வேணாம்னா பேச மாட்டேன்."

இன்னும் ஒரு சாண் தைத்துவிட்டு அந்தப் பெண் சரியென்றாள். அந்தச் சம்மதம் இல்லாமல் அஸ்மத் ஓரடி நகர்ந்திருக்க மாட்டாள், எனக்குத் தெரியும்.

சாயங்காலம் இருவரும் கடைக்குப் போனோம். கல்லாவிலிருந்த சுயம்புலிங்கம் எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஸ்மத் நேரே பொன்ராஜிடம் போய்ச் சீட்டித்துணி காட்டச் சொன்னாள். அவன் விரித்துப் போடப் போட, தங்கை செய்ததைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். நீ இதைச் செய், அதைச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் முகம் கறுத்துவிட்டது. கஜக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் போனான்.

"ஐயா, புஷ்பம் பரீட்ச எழுதட்டும். நான் தோத்தா அது என்னோட போவுது. அதுக்கு அவ எதுக்குத் தோக்கணும்?"

மகன் அப்படிச் சொன்ன பிறகு சுயம்புலிங்கம் டீசி வேண்டாம் என்றார். மறுபரீட்சை வைக்கத் தலைமையாசிரியையைச் சம்மதிக்க வைத்தது நான். கணக்குத் தாளில் இரக்கமே காட்டவில்லை. அந்தப் பெண் ஒன்று விடாமல் போட்டாள். மார்ச்சில் அண்ணனும் தங்கையும் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினார்கள்.

ரிசல்ட் வந்த காலையில் நான் அஸ்மத் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பொன்ராஜ் சைக்கிளில் வியர்த்து வழிய வந்து இறங்கினான், கையில் பேப்பரோடு.

"தங்கச்சி நம்பர் இருக்கு டீச்சர்."

"உன் நம்பர் தம்பி?"

"இன்னும் பாக்கல. அவளதத்தான் மொதல்ல தேடினேன்."

அஸ்மத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துத் தேடினாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். இல்லை. அதை அவனிடம் மறைக்காமல் சொன்னாள்.

அவன் பேப்பரை வாங்கி நாலாக மடித்துக்கொண்டான். பிறகு பக்கத்தில் மிட்டாய்க்கடை எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

"அவ மொதல்ல இனிப்பு சாப்பிடட்டும் டீச்சர். என் சங்கதிய அப்புறமா நானே சொல்லிக்கிடுதேன்."