இருபத்தேழு டிகிரி

எங்க வீட்டுக்காரர் மாறனுக்கு வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல வாத்தியார் வேலை. பதினாலு வருஷமா ஒரே பாடம். கரண்ட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை போட்டு அணைக்கிற மாஸ்ஃபெட்னு ஒரு சில்லு இருக்கு. அதைக் கையால தொடாம, கம்ப்யூட்டர்லயே சர்க்யூட் போட்டு ஓட்டிப் பாக்கறது. திரையில கோடு ஒழுங்கா வந்தா மார்க்கு. அந்த லேப்ல ஒரு சில்லாவது புகைஞ்சதா நான் கேள்விப்பட்டதே இல்ல.

"ஒண்ணாவது நெசமா செய்யுங்களேன்"னு நச்சரிச்சது நான்தான். என் வாயில மண்ணு விழ!

கீழ்பென்னாத்தூர்ல என் தம்பி தசரதன் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டிருந்தான். அவனோட சோலார் பம்ப்புல கண்ட்ரோல் போர்டு போயிடுச்சு. இவரு ஒரு மாசம் உக்காந்து, கம்ப்யூட்டர்ல மாடல் போட்டு ஓட்டிப் பாத்து, போர்டையும் செஞ்சு குடுத்தாரு. மோட்டார் ஓடுச்சு. தம்பி ஊரையே கூட்டிக் காட்டினான். இவரு முகத்துல அப்படி ஒரு சிரிப்பைக் கல்யாணத்தன்னிக்குக்கூட நான் பாக்கல.

சித்திரை வந்துச்சு. உச்சி வெயில்ல, தகரப் பெட்டிக்குள்ள போர்டு. மோட்டார் நின்னு நின்னு ஓடுதேன்னு தம்பி பெட்டியத் தொறந்து குனிஞ்சிருக்கான். மாஸ்ஃபெட் வெடிச்சு வலது கண்ணுல அடிச்சிடுச்சு. அந்தக் கண்ணுல இனிமே பார்வை வராதுன்னுட்டாரு டாக்டர்.

ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் இவரு நேரா கம்ப்யூட்டரைத் தொறந்தாரு. நான் பின்னாடியே நின்னேன். ஒரு கட்டத்தைக் காட்டினாரு. வெப்பம், இருபத்தேழு டிகிரி. நாம மாத்தலைன்னா சாஃப்ட்வேர் தானா போட்டுக்கற எண்ணாம். அடப்பாவி மனுஷா, நம்ம ஊர்ல மார்கழி மத்தியானம்கூட அதைவிட ஜாஸ்தியாச்சே! வெயில்ல தகரப் பெட்டிக்குள்ள இருக்கற சூட்டுக்கு எழுபதுன்னு மாத்தி ஓட்டினாரு. சூட்டுக் கோடு ஏறுச்சு, ஏறிக்கினே போச்சு.

"சூடு ஏறினா சில்லுக்குள்ள தடை ஏறும், தடை ஏறினா இன்னும் சூடாகும். வருஷா வருஷம் பரீட்சையில நானே கேக்கற கேள்விடி"ன்னு தலையில அடிச்சிக்கினாரு.

போன வாரம் தம்பி வந்தான். கண்ணுல பஞ்சுக் கட்டு, தோள்ல மூட்டை. தண்ணியில்லாமக் காஞ்சது போக மிஞ்சின மல்லாட்டை, எங்களுக்காம்.

"மாமா, தப்பு எங்கன்னு தெரிஞ்சுதா?"

இவரு என்னைப் பாத்தாரு. அப்புறம் தரையைப் பாத்தாரு. "சில்லு மட்டமானதுடா"ன்னாரு.

"அதானே! நீங்க தப்பா போடுவீங்களா? ஊர்ல கண்டபடி பேசறானுங்க மாமா. உங்களுக்காக எல்லார்கிட்டயும் சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். நல்ல சில்லா வாங்கி இன்னொண்ணு செஞ்சு குடுங்க."

நான் வாயைத் தொறந்திருக்கணும், கூடப் பொறந்தவ. மூட்டையைத் தூக்கிக்கினு உள்ள போயிட்டேன்.