தாத்தாவின் ரிவால்வரும் என் வங்காளமும்

கொல்கத்தாவில் டாலிகஞ்ச் வீட்டைக் காலி செய்துகொண்டு நியூ டவுன் அடுக்குமாடிக்குப் போகத் தயாரான அந்த மே மாதத்தில், தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு ரிவால்வர் கிடைத்தது. எனக்குப் பத்து வயது. பழைய கம்பளிக் கோட்டுக்குள் சுருட்டி வைத்திருந்ததை அப்பா வெளியே எடுத்தபோது பொம்மை என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. ஐந்து குண்டு போடும் உருளை, தேய்ந்துபோன மரப்பிடி. குண்டு எதுவும் இல்லை. அம்மா, "மொதல்ல ஜன்னலைச் சாத்துங்க" என்றாள்.

தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே, எண்பது தாண்டி, தூக்கத்தில் போய்ச் சேர்ந்தவர். அவரிடம் துப்பாக்கி இருந்தது அப்பாவுக்கே தெரியாது. எங்களோடு இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவள் சொன்னவை ஒன்றோடொன்று ஒட்டவில்லை. தாத்தா வேலை பார்த்த கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் போகும்போது கொடுத்தது என்றாள் காலையில். தெரிந்தவர் யாரோ வைத்துவிட்டுப் போனது என்றாள் மதியம். மாலையில், "எதுக்கு இந்த ஆராய்ச்சி? கங்கையில போட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

லைசன்ஸ் இல்லாத ஆயுதத்தை வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். தாத்தா பேரில் லைசன்ஸ் இருந்ததற்கு ஏதாவது ஆதாரம் கிடைத்தால் போலீஸில் ஒப்படைப்பது சுலபம் என்று ஒரு வக்கீல் சொன்னார். பிடியின் அடியில் பொறித்திருந்த எண்ணின் மேல் காகிதத்தை வைத்து, அப்பா பென்சிலால் தேய்த்து எடுத்தார். அந்தக் காகிதத்தோடு பழைய துப்பாக்கிக் கடைகளில் நாங்கள் இருவரும் ஏறி இறங்கினோம். அப்பாவைச் சின்ன வயதிலேயே மதுரையில் சித்தப்பா வீட்டில் விட்டுப் படிக்கவைத்திருந்ததால் அவர் வங்காளம் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். என்னுடையதோ பள்ளிக்கூட வங்காளம். மொழிபெயர்ப்பாளர் பதவி இயல்பாகவே எனக்குக் கிடைத்தது.

ட்ராம் தண்டவாளத்தை ஒட்டியிருந்த மூன்றாவது கடையில், ஒரு வயதான குமாஸ்தா பழைய ரிப்பேர் ரிஜிஸ்டர்களை அரைமணி நேரம் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார். எண் பொருந்தியது. உரிமையாளர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயர். பக்கத்திலேயே லைசன்ஸ் எண். அப்பா சந்தோஷத்தில் என் தோளை அழுத்தினார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். குமாஸ்தா அந்த வரியை மறுபடி படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு வேகமான வங்காளத்தில் எதையோ சொல்ல ஆரம்பித்தார்.

"என்ன சொல்றார்? ஒண்ணு விடாம சொல்லு" என்றார் அப்பா.

"இதைத் தாத்தா கொண்டுவரலையாம். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு மதராஸிப் பொண்ணு லைசன்ஸ் புத்தகத்தோட வந்தாளாம். இவர் அப்பதான் வேலையில சேர்ந்திருந்தாராம்."

"சரி."

"எல்லாரும் துப்பாக்கி சுடலைன்னுதான் வருவாங்களாம். அவ ஒருத்திதான் சுடாம பண்ணிக் குடுங்கன்னு கேட்டாளாம். குண்டைத் தட்டுற ஊசியை மட்டும் அறுத்து எடுத்துடணும், வெளியில பார்த்தா தெரியக் கூடாது, அவ அப்பாவுக்குத் தெரியவே கூடாதுன்னாளாம்."

அப்பா என்னையே பார்த்தார். தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்து, "தாது, நிஜமாவா?" என்று குமாஸ்தாவைத் தாத்தா முறை வைத்து வங்காளத்தில் கேட்டேன். "நிஜம்தான் மா" என்று அவர் ரிஜிஸ்டரை எங்கள் பக்கம் திருப்பினார். கொண்டுவந்தவர் கையெழுத்து போடும் இடத்தில் அத்தையின் பெயர் இருந்தது. அப்பா வருடத்தைப் பார்த்தார்.

"கம்பெனியை மூடின வருஷம். என்னை மதுரைக்கு அனுப்பின வருஷம்" என்றார் மெதுவாக. என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

தேடிப்போனது கிடைத்துவிட்டது. ஆனாலும் மெட்ரோவில் வீடு வந்து சேரும்வரை அவர் அந்தப் பென்சில் காகிதத்தை மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

அத்தை அட்டைப் பெட்டியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, அந்த ஊசியை நீதான் எடுக்கச் சொன்னியா?"

அத்தை என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுத்தவள் நான்தான் என்று எனக்குக் கூசியது. எதைக் காட்டிக்கொடுத்தேன் என்பதுதான் தெரியவில்லை.

"வேலை போனப்புறம் அப்பா ரூமைச் சாத்திக்கிட்டு அதையே துடைச்சுக்கிட்டு இருப்பாருடா தம்பி. தூக்கிப் போட்டா வேற வழி தேடிடுவாரோன்னு பயம். ஒரு நாள் யாரையோ பார்க்கணும்னு வெளிய போனார். எடுத்துக்கிட்டு ஓடினேன்."

"அப்புறம்?"

"ஒரு மத்தியானம் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டிருந்தேன். உள்ள 'டிக்'குனு ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தரம். அப்புறம் கதவைத் தொறந்து வந்து, பசிக்குது, சோறு போடுன்னார். போட்டேன். அவரும் எதுவும் கேக்கலை. நானும் சொல்லலை."

அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு அத்தையும் அழுதாள். துப்பாக்கி சுடவில்லை, தாத்தா சோறும் சாப்பிட்டுவிட்டார், இதில் அழ என்ன இருக்கிறது என்று நான் கதவருகே நின்று யோசித்தேன். கேட்கலாம் என்றால், அம்மா என் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப் போனாள்.

அடுத்த வாரம் வக்கீலோடு போய் அப்பா ரிவால்வரை ஒப்படைத்தார். அன்றைக்கும் மொழிபெயர்க்க நான்தான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி, ஊசி இல்லையே, யார் எடுத்தது, எதற்காக என்று கேட்டார். தமிழில் சொன்னேன். அப்பா, "தெரியாதுன்னு சொல்லு" என்றார்.

பாவம், மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, "அத்தைதானேப்பா" என்று ஞாபகப்படுத்தினேன். அப்பா என் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த வங்காளத்தில், "ஜானி நா" என்று அவரே சொன்னார். அவ்வளவு அலைந்து கண்டுபிடித்ததை அப்பா ஏன் தெரியாது என்கிறார் என்று குழம்பியபடி, வலிக்கிற விரல்களோடு நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.