பின்னால் போகும் கப்பல்

இன்று சின்ன மரக்கப்பல் ஒன்றை முந்தானையில் மூடிக்கொண்டு பதுளைக்கு நடந்தேன். அதில் பாய் கட்டத் துணி மட்டும்தான் பாக்கி.

சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை கொடுத்துவிட்டுப் போன பெட்டியில் வந்தது அது. உள்ளே கப்பல் செய்யும் மரத்துண்டுகள் இருந்தன. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக ஒட்டினார். பாய் கட்டுவதற்குள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

துணிக்கடை நானா கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு தங்கச்சி செஞ்சது?"

"எங்க வீட்டுக்காரருங்க. கப்பல்ல வந்த மனுசன், அவருக்குத் தெரியாததாங்க?"

"சுக்கான் முன்னுக்கு இருக்கே. இது பின்னுக்குத்தான் போகும்."

சுக்கான் என்றால் கப்பலைத் திருப்பும் பலகையாம். அது பின்னால் இருக்க வேண்டுமாம்.

கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வரும்போது அந்த மனுசன் கண்ணையே திறக்கவில்லை. வழியெல்லாம் என் மடியில் வாந்தி. தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கடலை அளந்தவர் மாதிரிப் பேச்சு.

"கழட்டிச் சரியா ஒட்டித் தாறேன்," என்று நானா கத்தியை எடுத்தார்.

நான் கப்பலைப் பிடுங்கிக்கொண்டேன்.

"வேணாங்க நானா. அவரு கையால ஒட்டினது. பின்னுக்கே போகட்டும்."

நானா கத்தியை வைத்துவிட்டு, ஒரு சாண் வெள்ளைத் துணி கிழித்துத் தந்தார்.

பாய் கட்டிவிட்டேன். எல்லாரும் வந்து பார்த்துச் சிரியுங்கள், பரவாயில்லை. ஒருத்தராவது அவர் பக்கம் பேசுங்கள். நான் அவரை எதிர்த்துப் பேசியே பழகியவள்; இப்போது எதிர்த்துப் பேச ஆள் வேண்டாமா?