ஜேபஸின் லேத்தில் இருந்த பள்ளம்

ஓல்டம் ஊரில் நூல் ஆலைகளுக்கு உருளை கடையும் பட்டறையில் ஜேபஸ் என்ட்விசில் பத்தொன்பது வருஷம் ஒரே லேத்தில் நின்றார். அவர் அப்பா காலத்து லேத் அது. வளைந்த வார்ப்புக் கால்கள், அவற்றில் பூவேலை வேறு. செய்தவன் அதைக் கல்யாணப் பெண் என்று நினைத்துவிட்டான் போலும். கூரையோரம் சுழலும் தண்டிலிருந்து தோல் பெல்ட் இறங்கும். மரை வெட்ட வேண்டுமென்றால் ஓரத்துப் பல்சக்கரங்களைக் கழற்றி, கணக்குப் போட்டு வேறு மாட்ட வேண்டும்.

எல்லா வேலையும் சுழலும் தலைக்குப் பக்கத்திலேயே நடப்பதால், வெட்டுளி நகரும் தளம் அந்த இடத்தில் தேய்ந்து மயிரிழை அளவு பள்ளம் விழுந்திருந்தது. அங்கே வந்ததும் உளி விலகும், உருளை பருத்துப்போகும். ஜேபஸ் சரியாக அந்த நொடியில் கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் உள்ளே தள்ளுவார். அவர் கடைந்த உருளை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

தன் லேத்தின் குறையை அங்கே எந்த டர்னரும் வெளியே சொல்ல மாட்டான். பெண்டாட்டியின் குறட்டையைச் சொன்னாலும் சொல்வான், இதைச் சொல்ல மாட்டான். ஜேபஸ் சொன்னார். தங்கை வீட்டில், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், தங்கை புருஷன் சேத் கிளெக்கிடம் சொன்னார். சேத்தும் அதே பட்டறையில் சின்ன லேத்தில் நிற்பவன்.

"நாங்க வாரத்துக்கு மூணு உருளை கெடுக்கிறோம். உங்க கையில மட்டும் எப்படி மச்சான் ஒண்ணும் கெடமாட்டேங்குது?" என்று அவன் வாய் நிறையக் கேட்டதும், இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தட்டிலிருந்த குழம்பில் முள்கரண்டியால் கோடு கிழித்து, பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே காட்டிவிட்டார். சேத் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

வியாழக்கிழமை மேலாளர் ஆர்மராட் நேராக வந்தார். தளத்தின் மேல் நேர் பார்க்கும் இரும்புச் சட்டத்தை வைத்து, பின்னால் விளக்கைப் பிடிக்கச் சொன்னார். வேறெங்கும் தேடவில்லை. வைத்த இடத்திலேயே கீற்றாய் வெளிச்சம் கசிந்தது. சேத் முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தமாக இருந்த தன் லேத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு வேலையாவது திரும்பி வந்ததா என்று ஜேபஸ் கேட்டார். இல்லைதான் என்றார் மேலாளர். ஆனால் கோணல் லேத்தை மறைத்து வைத்தவரை எப்படி நம்புவது என்று திருப்பிக் கேட்டார். பழையதை உடைத்து உலைக்கு அனுப்பினார்கள். ஜேபஸைத் துளைபோடும் மெஷினுக்கு அனுப்பினார்கள். புது லேத் வந்தது, சேத் அதில் நின்றான். ஜேபஸுக்குப் பொறுக்கவில்லை. லேத்துக்காகக் கொஞ்சம்தான்.

ஒரு மத்தியானம் சேத் டீக் குவளையோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நான் சொல்லலேன்னா வேற எவனாவது சொல்லியிருப்பான் மச்சான்."

"வேற எவனுக்கும் தெரியாதுடா."

சேத் டீயை ஊதினான். தங்கச்சி சாப்பிடக் கூப்பிடுகிறாள், இந்த ஞாயிறாவது வரச் சொன்னாள் என்றான்.

"அவகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லு," என்றார் ஜேபஸ். "உன் எதிர்ல உக்காந்து இனிமே என்னத்த பேசுறது? எம் பொண்ணுக்கு ஜுரம்னாகூட, உன்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு யோசிப்பேன்."